பதினோரு வேட்டு

கோழியைப் போலப் பயந்த பிறவியை நான் பார்த்ததில்லை. முட்டை தின்கிறவர்களுக்கு இது தெரியாது. மோகனூர் ரோட்டில் கோழி செட்டு, அதாவது பண்ணைக் கொட்டகை, வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். தினமும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு தீவனம் வைக்கிறவள் ஒருநாள் சிவப்புச் சட்டையில் போனால் போதும், ஐயாயிரம் கோழியும் கூண்டுக்குள் எகிறிக் கம்பியில் மோதும். முட்டை குறையும். வருகிற முட்டையும் ஓடு இல்லாமல் தோல் முட்டையாக வரும். சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தாலும் இதே கதிதான். அதனால் செட்டுக்குள் போகிறவர்கள் வாசலிலேயே நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். சிலர் சீட்டி அடிப்பார்கள். சிலர் செல்போனில் பாட்டு வைத்துக்கொண்டு போவார்கள். என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துத் தனப்பிரியா, சேலைக்கு மேல் ஒரு பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, “பா… பா… நான்தான் வாரேன், நான்தான் வாரேன்” என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே போவாள். விடிகாலையில் நான் காப்பி குடிக்கிற நேரத்துக்கு அந்தக் குரல் கேட்கும்.

அவள் புருசன் வளவன் பட்டாளத்து வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்த புதிதில், உதவியாக இருக்கட்டும் என்று குரல் கொடுக்காமல் செட்டுக்குள் போய்விட்டான். அவன் நடந்தால் சத்தமே வராது. சரளைக்கல்லில் செருப்புக் காலோடு நடந்து வந்து முதுகுக்குப் பின்னால் நின்று “மாமா” என்பான். நமக்குத் தூக்கிவாரிப் போடும். கோழிக்குப் போடாதா? அவன் உள்ளே போனதும் கூரை பிய்ந்துகொள்கிற மாதிரிச் சத்தம். தகரத்தில் ஆலங்கட்டி கொட்டினது போல. அந்தச் சத்தத்துக்கு அவன் வெளியே பாய்ந்து வந்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரோடு ஒட்டிக் குந்திக்கொண்டான். அவனைப் பார்த்துக் கோழி பயந்தது, கோழியைப் பார்த்து அவன் பயந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

அவன் அம்மா ஆத்தாயி எனக்குத் தங்கச்சி முறை. அவள் புருசன் கந்தப்பன் செத்தபோது வளவன் காஷ்மீரத்தில் பனிக்குள் இருந்தான். கொள்ளி வைக்க வரவில்லை. கருமாதிக்கு வந்து மொட்டை அடித்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆத்தாயி, மருமகள், பேத்தி நிலா என்று மூன்று பொம்பளைகள்தான். செட்டு, கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி. எல்லாவற்றையும் தனப்பிரியாதான் பார்த்தாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். வந்த புதிதில் எங்கள் பேச்சே அவளுக்குப் புரியாது. இப்போது எங்களைவிட இழுத்துப் பேசுகிறாள்.

நான் எதையும் சீக்கிரத்தில் நம்புகிறவன் இல்லை. மழை வரும் என்று டிவியில் சொன்னால் நம்பமாட்டேன். டாக்டர் ஒன்றுமில்லை என்றால் அதையும் நம்பமாட்டேன். “நல்லாத்தான் இருக்கறனுங் மாமா” என்று வளவன் சொன்னதையும் நம்பவில்லை. நல்லா இருக்கிறவன் சாப்பிடும்போது சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தா உட்காருவான்? மோகனூருக்கு வண்டியில் போனவன், எவனோ லாரியில் இருந்து விழவிட்ட தவிட்டு மூட்டை ரோட்டில் கிடக்கிறது என்று பாதி வழியில் திரும்பி வந்துவிட்டான். டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். “பட்டாளத்துக்காரன் தவிட்டு மூட்டைக்குப் பயந்து ஓடியாந்துட்டான்.” அங்கெல்லாம் ரோட்டில் கிடக்கிற மூட்டைக்குள் என்ன இருக்கும் என்று இவன்களுக்கு என்ன தெரியும்.

மாசி கடைசியில்தான் அது நடந்தது. வளவன் கட்டிலைக் களத்தில் போட்டு, நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். நிலா பள்ளிக்கூட வேனில் இருந்து இறங்கி வந்தாள். ரெண்டாவது படிக்கிற பிள்ளை. பையை வைத்துவிட்டுப் பூனை மாதிரிப் பின்னால் போய், அப்பன் கண்ணைப் பொத்தினாள். பொத்தினதுதான் தெரியும். பிள்ளை அவன் தோளுக்கு மேலே பறந்து முன்னால் வந்து விழுந்தது. அவன் முழங்கால் அதன் நெஞ்சு மேல் இருந்தது. கை கழுத்தில் இருந்தது. தனப்பிரியா கத்தின கத்தலில்தான் அவனுக்குக் கண் தெரிந்தது.

பிள்ளைக்கு இடது கை எலும்பு விரிந்துவிட்டது. நாமக்கல்லில் மாவுக்கட்டுப் போட்டார்கள். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டதற்கு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தப் பிள்ளை, “கட்டல்ல இருந்து உழுந்துட்டனுங்க” என்றது. நானும் கூடப் போயிருந்தேன். எலும்பு விரிந்ததைவிட எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

அன்றையில் இருந்து வளவன் பிள்ளையைத் தொடுவதில்லை. படுக்கையை மோட்டார் ரூமுக்கு மாற்றிக்கொண்டான். தனப்பிரியா அவனுக்குச் சோறு கொண்டுபோகும்போது வாய்க்கால் ஓரமே நின்று, “ஏனுங்க, நான்தான் வாரேன்” என்று குரல் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். பிள்ளைக்கும் பழக்கிவிட்டாள். “அப்பா, நெலா வாரேன்” என்று அது பத்தடிக்கு அப்பாலேயே நிற்கும். அவன் “வா சாமி” என்றால்தான் நகரும்.

ஒருநாள் நான் கரும்புக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். வந்து வரப்பில் உட்கார்ந்தான்.

“மாமா, என்ற பொண்டாட்டி கோழிக்குக் குடுக்கற மாதிரி எனக்குக் குரல் குடுக்கறாளுங்.”

“குடுத்தா என்னடா? கோழி முட்டையாச்சும் போடுது. நீ என்ன போடற?”

சிரித்தான். வந்ததில் இருந்து அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துவிட்டு மண்கட்டியை உடைத்துக்கொண்டே இருந்தான்.

“சத்தத்துக்கு நான் பயப்படறன்னு ஊருல சொல்றாங்களாட்ட இருக்குது. சத்தம் வந்தா பயமில்லீங் மாமா. வந்துருச்சு, முடிஞ்சுது. அதுக்கு முன்னால ஒரு அமைதி வரும் பாருங்க. பூச்சி கத்தறது நிக்கும். காத்துக்கூட நிக்கற மாதிரி இருக்கும். அதுக்குப் பொறவுதான் குண்டு வரும். எங்கூட இருந்தவன் ஒருத்தன் அப்படித்தான் சோத்துத் தட்டை எடுத்துட்டு எந்திரிச்சான். தட்டு மட்டும் கெடந்துது.”

நான் அடுத்த மடையைத் திருப்பிவிட்டேன்.

“இங்க நம்ம தோட்டம் பூராவே அமைதியாத்தான கெடக்குது. நான் எந்நேரமும் அடுத்ததுக்குக் காத்துக்கிட்டே இருக்கறனுங்.”

“ஆஸ்பத்திரிக்குப் போலாமல்ல? பட்டாளத்துலயே இதுக்கு டாக்டர் இருக்கறாங்கன்னு சொன்னயாமே.”

“பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனவன் புள்ளைன்னு நெலாவை நாளைக்குச் சொல்லுவாங்க” என்று எழுந்து போய்விட்டான். போகும்போது சத்தமே இல்லை.

பங்குனியில் மாரியாயி நோம்பி சாட்டினார்கள், திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால் எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. கம்பம் பிடுங்குகிற வரைக்கும் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் தனப்பிரியாவின் அண்ணன் அன்பரசு ஆத்தூரில் இருந்து காரில் வந்து இறங்கினான். ஜவ்வரிசி ஆலையில் வேலை. நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் கூடுதல். பிள்ளையின் மாவுக்கட்டைப் பார்த்தான். கட்டிலில் இருந்து விழுந்த கதையைக் கேட்டான். கட்டிலின் உயரத்தையும் பார்த்தான்.

“கம்பம் பிடுங்கினதும் எந்தங்கச்சியையும் கொழந்தையையும் நான் கூட்டிட்டுப் போறேன். ஸ்கூலெல்லாம் ஆத்தூர்ல பாத்துக்கலாம்” என்றான். நான், ஆத்தாயி, வளவன் எல்லாரும் இருக்கும்போதே சொன்னான்.

வளவன் தலை நிமிராமல், “கூட்டிட்டுப் போங்க மச்சான்” என்றான்.

தனப்பிரியா உள்ளே இருந்து வந்தாள். கையில் முட்டை அட்டை. “நான் என்ன இந்த அட்டையாண்ணா? இவிய தூக்கிக் குடுக்க, நீ வாங்கி வண்டில வெச்சுக்க? ஐயாயிரம் கோழிக்கு நாளைக்கு யாரு தண்ணி காட்டறது, நீ காட்டறியா?”

“கோழி முக்கியமா, கொழந்தை முக்கியமா?”

அவள் அட்டையோடு செட்டுப் பக்கம் போனாள். அப்புறம் நான் கிளம்பும்போது வேலி வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “பெரியப்பா, அண்ணன் கூப்புட்டுத்தான் நான் போவோணுமுன்னு இல்லைங்க. இன்னொருக்கா நெலா மேல அவிய கை பட்டுச்சுன்னா நானே போயிருவன். கோழி செத்தாச் சாவட்டும்.” கண் கலங்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

இதற்கு நடுவில்தான் ஆத்தாயி வேட்டுப் பேச்சை எடுத்தாள்.

ஏழெட்டு வருசத்துக்கு முன்னால் எல்லையில் சண்டை என்று டிவியில் ஓடினபோது, வளவனிடம் இருந்து போன் வராமல் நின்றுபோயிற்று. ஆத்தாயி சோறு இறங்காமல் கிடந்தாள். ஈரச் சேலையோடு மாரியாயி கோயிலுக்குப் போய், ‘எம் மவன் முழு உசுரா ஊட்டுக்கு வந்து சேந்தா, உனக்குப் பதினோரு வேட்டுப் போடறன் ஆத்தா’ என்று வேண்டிக்கொண்டாள். இரும்புக் குழாயில் வெடிமருந்தை இடித்து அடைத்துப் போடுகிற வேட்டு. ஒன்று வெடித்தால் ஓட்டு வீட்டில் மண் உதிரும். இப்போது மகன் வந்துவிட்டான். நேர்ந்ததைச் செலுத்த வேண்டும்.

“அத்தை, அதுக்குப் பதிலா நான் பூவோடு எடுக்கறனுங்க” என்றாள் தனப்பிரியா. நெருப்புச் சட்டியை ஏந்தி வருவதற்கு எங்கள் பக்கம் பூவோடு என்று பெயர்.

“எடு. ஆரு வேண்டாங்கறா? பூவோடு உன்ற நேத்தி. வேட்டு என்ற நேத்தி.”

“உங்க மவனுக்குத்தான் வேட்டுச் சத்தம் ஆகாதுங்கறனுங்க.”

“ஆகாதா? இந்த ஊரு வேட்டுல வளந்தவன் அவன். குழாயிப் பக்கத்துல போயி நிக்காதீடான்னு அடிச்சு இழுத்தாருவன். மருந்து வாசம் புடிச்சுக்கிட்டு மூக்குக் கரியோட வருவான்.”

“அது அப்பங்க.”

“இப்ப மட்டும் அவன் வேற ஆளா?” என்று ஆத்தாயி கேட்டாள். எல்லாரும் மோட்டார் ரூம் பக்கம் பார்த்தோம். அவளே மறுபடி சொன்னாள், மெதுவாக. “எல்லாரும் வேற ஆளுங்கறீங்க. முழு உசுராக் குடுன்னுதான் கேட்டன். பாதிதான் வந்துருக்குதுன்னா, மிச்சத்தை அவ புடிச்சு வெச்சிருக்கறா. நேந்ததைக் குடுக்காத மிச்சத்தைக் குடுப்பாளா?”

எனக்குச் சாமி விசயத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் கணக்கில் எங்கே தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அன்பரசுதான் வழி சொன்னான். “கோயில்ல பொங்கல் வெக்கறன்னைக்குச் சாயங்காலம் வேட்டுப் போட்டுக்குங்க அத்தை. நான் மாப்ளையக் கார்ல நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். எல்லாம் முடிஞ்சதும் போன் பண்ணுங்க, வந்துடறோம். ராத்தங்கப் போறதில்லையே. உங்க கட்டும் கெடாது.”

“ஆருக்காவ நேந்தனோ அவன் ஊருக்குள்ள இல்லாத…” என்று ஆத்தாயி ஆரம்பித்தாள். தனப்பிரியாவைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டாள். “ஆவட்டும்” என்றாள்.

ஆத்தாயி சண்டை போட்டால் பயமில்லை. ஆகட்டும் என்று சொன்னால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்பரசுவுக்கு அது எப்படித் தெரியும்.

பொங்கலன்றைக்குக் காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. காற்று இல்லை. இந்த வெயிலுக்குக் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், ஈரச் சாக்குக் கட்டிவிட வேண்டும். நான் போகும்போது தனப்பிரியா சாக்கு நனைத்துக்கொண்டிருந்தாள். அன்பரசு வாசலில் நாற்காலி போட்டு இட்லி தின்றுகொண்டிருந்தான். எனக்கும் ஒரு தட்டு வந்தது. இட்லி, கடலைச் சட்னி, மேலே ஒரு ஒப்புட்டு, போளிதான், நெய் ஊற்றி.

“ஆத்தாயி எங்க?”

“மாவிளக்கு எடுத்துட்டு அப்பவே போயிட்டாங்க” என்றாள் தனப்பிரியா. “வேட்டுக்காரரைப் பாத்துச் சாயங்காலத்துக்கு நேரம் சொல்லிட்டு வாரன்னாங்க.”

“வளவன்?”

அவள் தாடையால் செட்டைக் காட்டினாள். “முட்டை எடுக்கறாங்க. நெலாவும் கூடப் போயிருக்கறா. ‘அப்பா, நானும் வரட்டா’ன்னு அவதான் கேட்டா. வாசல்ல நின்னு குரல் குடுத்துட்டுத்தான் ரெண்டு பேரும் போனாங்க.” சொல்லிவிட்டுச் சாக்கைப் பிழிந்தாள். பிழிந்த சாக்கை மறுபடி தண்ணீரில் போட்டாள். கண் செட்டு வாசலிலேயே இருந்தது. மாவுக்கட்டுப் போட்டபிறகு அப்பனும் மகளும் ஒன்றாகப் போவது அதுதான் முதல் தடவை.

“போயிப் பாத்துட்டு வரட்டுமா?” என்றான் அன்பரசு.

“வேண்டாண்ணா. நீ புதுச் சட்டை போட்டிருக்கற. கோழி மெரளும்.”

அப்போதுதான் முதல் வேட்டு வெடித்தது.

கோயில் எங்கள் தோட்டத்துக்குக் கிழக்கே, ரெண்டு கரும்புக் காட்டுக்கு அப்பால். நெஞ்சுக்குள் யாரோ குத்தின மாதிரி அதிர்ந்தது. தட்டில் இட்லி நகர்ந்தது. அடுத்த நொடி செட்டு முழுக்கக் கத்த ஆரம்பித்தது. ஐயாயிரம் கோழியின் கத்தல்.

“சாயங்காலம்னுதானே பேச்சு!” என்று அன்பரசு எழுந்தான்.

தனப்பிரியா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். பாதி வழியில் ரெண்டாவது வெடித்தது.

செட்டு வாசலில் நின்று பார்த்தோம். உள்ளே நடு நடையில் ஆள் இல்லை. முட்டை அட்டை குப்புறக் கிடந்தது. மஞ்சள் கரு நடையில் வழிந்து கீழே சொட்டிக்கொண்டிருந்தது. கோழிகள் கம்பியில் அடித்து அடித்து இறகும் தூசியும் பனி மாதிரிப் பறந்தன. எங்கள் பக்கத்துச் செட்டுகளில் கூண்டெல்லாம் கல்தூண் மேல் உயரத்தில் இருக்கும். கீழே எச்சம் குவிந்து கிடக்கும். குனிந்து பார்த்தேன். கடைசித் தூணுக்குப் பக்கத்தில், எச்சக் குவியலுக்குள், வளவன் குப்புறக் கிடந்தான். அவனுக்கு அடியில் பிள்ளை. மாவுக்கட்டுப் போட்ட கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் உள்ளங்கை பிள்ளையின் வாய் மேல் அழுத்தி இருந்தது. மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருக்கிறானா என்று தூரத்தில் இருந்து தெரியவில்லை.

அன்பரசு அங்கே சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துவிட்டான். “கொழந்தைய விடுடா!” என்று கத்தினான். கத்தினதும் வளவன் உடம்பு இன்னும் இறுகினது. பிள்ளை அவனுக்குள் புதைந்தது.

தனப்பிரியா அண்ணன் நெஞ்சில் கை வைத்து வெளியே தள்ளினாள். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பலம் எங்கே இருந்து வந்ததோ. “யாரும் வராதீங்க. பெரியப்பா, அண்ணனைப் புடிச்சுக்குங்க.”

பெற்றவள் பாய்ந்து போகாமல் நிற்கிறாளே என்று எனக்குப் பதறியது. அவள் மூச்சை இழுத்து விட்டாள். தினமும் விடிகாலையில் எனக்குக் கேட்கிற அதே குரல் வந்தது.

“பா… பா… நான்தான் வாரேன். நான்தான் வாரேன்.”

கோழிக்குச் சொன்னாளா, அவனுக்குச் சொன்னாளா தெரியாது. கூண்டுக்கு அடியில் குனிந்து ஒரு எட்டு வைத்தாள். நின்றாள்.

“ஏனுங்க, அது வேட்டுச் சத்தமுங்க. மாரியாயி கோயில் வேட்டு. உங்கம்மா நேந்தது. பதினோரு வேட்டு. ரெண்டு முடிஞ்சுது. இப்ப மூணாவது வருமுங்க. வரப் போவுது.”

வெடித்தது. கோழி எகிறியது. அவன் முதுகு ஒரு தடவை துள்ளியது.

“மூணு ஆச்சு” என்றாள். இன்னொரு எட்டு வைத்தாள்.

அன்பரசு என் காதருகே, “நான் ஓடிப்போய் நிறுத்தச் சொல்றேன்” என்றான். அவளுக்கு அது கேட்டுவிட்டது. திரும்பாமலே சொன்னாள். “நிறுத்தக் கூடாதுண்ணா. பதினொன்னுன்னு நான் சொல்லிப்போட்டன். பாதில நின்னா, மிச்சம் எப்ப வருமோன்னு அவிய வருசம் பூராக் காத்துக்கிட்டு இருப்பாங்க. முடியட்டும்.”

நாலு. அஞ்சு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொன்னாள், பின்னால் சொன்னாள். நடுவில் நகர்ந்தாள். சேலை முழுக்க எச்சம். நான் அன்பரசுவின் கையைப் பிடித்திருந்தேன்.  மாவுக்கட்டுக் கையின் விரல்கள் அசைகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அசைந்தன. ஆறாவதுக்கு ஒரு விரல் நீண்டது. பிள்ளை எண்ணிக்கொண்டிருந்தது.

ஏழு வெடித்தபோது அவன் உள்ளங்கை கொஞ்சம் தளர்ந்தது. பிள்ளையின் வாய் தெரிந்தது. “ஏழுப்பா” என்றது அந்த வாய்.

“ஏழு” என்றாள் தனப்பிரியா. “இப்ப எட்டு வருமுங்க.”

எட்டு வரவில்லை.

காத்திருந்தோம். மருந்து நமுத்துப்போனதோ, திரி அணைந்ததோ. கோழிகூடக் கத்துவதை நிறுத்திவிட்டது. சொட்டுகிற முட்டைக் கருவின் சத்தம் மட்டும் கேட்டது. அவன் சொன்ன அமைதி இதுதான் என்று எனக்கு அப்போது உறைத்தது. அவன் கை மறுபடி பிள்ளை வாய்க்கு ஏறியது. தோள் இறுகியது.  ஆத்தாயி, உன் வேட்டு வெடித்துத் தொலையட்டும் என்று அன்றைக்கு நானும் மாரியாயியை வேண்டினேன்.

தனப்பிரியாவுக்குக் குரல் உடைந்தது. ஆனாலும் விடவில்லை. “வரலீங்க. திரி நமுத்திருக்கும். மறுக்காப் பத்த வெப்பாங்க. வந்தாலும் அது எட்டுத்தான். எட்டு எங்கீயும் போவாது. நான் இங்கதான் இருக்கறன். இதா, உங்க காலுக்கிட்ட இருக்கறன். தொடட்டுங்களா?”

 கொஞ்ச நேரம் கழித்து, எச்சத்துக்குள் இருந்து அவன் குரல் வந்தது. “தொடு.”

அவன் கணுக்காலைப் பிடித்தாள். பிடித்தவுடன் எட்டு வெடித்தது. அவன் உதைக்கவில்லை. அவள் விடவில்லை.

ஒன்பதையும் பத்தையும் மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள். அவன் குரல் வாய்க்குள்ளேயே கேட்டது. பதினொன்று வெடித்தபிறகு யாரும் அசையவில்லை.

“முடிஞ்சுதா?” என்றான்.

“முடிஞ்சுதுப்பா. நான் எண்ணிட்டன்” என்றது பிள்ளை. “எந்திரிங்கப்பா, கோழிப் பீ நாறுது.”

வெளியே வந்து தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். பிள்ளைக்கு மேலுதட்டில் அவன் விரல் அழுத்தின தடம் சிவந்து இருந்தது. வேறு காயம் இல்லை. தூணும் கூண்டும் அவன் முதுகைத்தான் கிழித்திருந்தன. அன்பரசு மண்வெட்டியைக் கீழே போடாமல் நின்றான். நான்தான் வாங்கி வைத்தேன்.

ஆத்தாயி அப்போதுதான் வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு, கையில் மாவிளக்குத் தட்டு, முகத்தில் ஒரே வெளிச்சம். “பதினொன்னும் வெடிச்சுருச்சு சாமி! எட்டாவது மட்டும் கொஞ்சம்…” என்று வந்தவள் மகனைப் பார்த்தாள். தலையில் இருந்து கால் வரை எச்சம். ரத்தம். தட்டு சாய்ந்தது.

“ஏன் சொல்லாமப் போட்டீங்க அத்தை?” என்றாள் தனப்பிரியா. கோபம்கூட இல்லாமல் கேட்டாள்.

“சாயங்காலம் இவன் ஊருல இருக்க மாட்டானே. ஆளு இல்லாத ஊருல போட்டா ஆத்தா ஏத்துக்குவாளா? செட்டுக்குள்ள இருந்தா கோழிச் சத்தத்துல காதுல உழுவாதுன்னு நெனச்சன்… சொன்னா முன்கூட்டியே பயந்துக்குவான்னு…”  மாவும் திருநீறும் கையில் குழைந்தன.

வளவன் தாயின் முன்னால் போய்க் குனிந்து நெற்றியைக் காட்டினான். அவள் கையில் இருந்ததை எச்சத்தின் மேலேயே பூசினாள்.

கம்பம் பிடுங்கின மறுநாள் அன்பரசு காரை எடுத்தான். தனப்பிரியா ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தாள். அதில் வளவனின் துணி இருந்தது.

“இவியளப் பட்டாளத்து ஆஸ்பத்திரில கொண்டுபோயி உட்டுட்டுப் போண்ணா. கூட நாலு நாள் இரு. எனக்கும் நெலாவுக்கும் வண்டில எடம் வேண்டாம்.”

“கை பட்டா நானே போயிருவேன்னு சொன்னயாமே?” என்றான் அன்பரசு. என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டான். நான்தான் சொல்லிவைத்திருந்தேன்.

“சொன்னன். பட்டுச்சு. புள்ள உதட்டுல இன்னும் தடம் இருக்குது. மறைக்கலீயே. ஆஸ்பத்திரிக்குப் போவாட்டிப் போயிருவன்னு இவியகிட்டயும் சொல்லிப்போட்டன்.”

வளவன் காரில் ஏறினான். ஊர் என்ன சொல்லும் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. நிலா கார்க் கதவுக்கு அஞ்சாறு அடி தள்ளி நின்று, “அப்பா, நெலா வாரேன்” என்றது. “வா சாமி” என்றான். போய் ஜன்னல் வழியாக அவன் கையில் ஒரு அவித்த முட்டையைக் கொடுத்தது.

ஆஸ்பத்திரியில் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. எனக்குத் தெரிந்து மாத்திரை தின்று சரியானவன் இந்த ஊரில் ஒருத்தனும் இல்லை. வைகாசியில் அவன் திரும்பி வந்தான் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. என்ன பார்ப்பேனோ என்றிருந்தது.

ஒரு விடிகாலை, காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். செட்டுப் பக்கம் குரல் கேட்டது. தனப்பிரியா குரல் இல்லை. கரகரத்த ஆம்பளைக் குரல், வெட்கப்பட்டுக்கொண்டு, பழக்கமில்லாமல்.

“பா… பா… நான்தான் வாரேன்.”

கோழி கத்துகிறதா என்று காது கொடுத்தேன். கொஞ்சம் கொக்கரித்தது, அடங்கியது. நம்பாமல் வேலி வரைக்கும் போனேன். பச்சைச் சட்டை தெரிந்தது. அவளுடைய சட்டைதான், அவனுக்குக் கைப்பக்கம் இறுக்கிப் பிடித்திருந்தது.

வேலியைத் தாண்டக் காலைத் தூக்கினவன், கீழே வைத்துவிட்டு நின்றேன்.

“டேய் வளவா, செங்கோட மாமன் வாரன்டா” என்று குரல் கொடுத்தேன்.

“வாங் மாமா” என்றான் உள்ளே இருந்து. “மெதுவா வாங்க. நீங்க வெள்ளைச் சட்டை.”